மெயில் நின்றுபோனதற்கு ஆன்டிவைரஸ் காரணமா? கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு சின்ன ஏற்றுமதி அலுவலகம். காலையில் கணக்கர் கம்ப்யூட்டரைத் திறந்தால், தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராம் சர்வரைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே முகவரிக்கு வந்த மெயில் அவர் கைப்பேசியில் டிங் என்று விழுகிறது. தண்டர்பேர்டு பாஸ்வேர்டு கேட்டது, போட்டார். மறுபடி கேட்டது. சரி, பாஸ்வேர்டுதான் கெட்டுவிட்டது என்று மாற்றினார். இப்போது கைப்பேசியிலும் மெயில் நின்றது. மதியம் வந்த சர்வீஸ் தம்பி, "ஆன்டிவைரஸ் வேலைதான் சார்" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். ஆனால் தூக்கிய பிறகும் மெயில் வரவில்லை.

மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது, சர்வர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 127.0.0.1 என்று இருந்தது. அது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த முகவரி. ஆன்டிவைரஸ் போனாலும் அது மாற்றிவைத்த அமைப்பு போகவில்லை. தண்டர்பேர்டு தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி வேலைகளில் நான் கடைப்பிடிக்கும் வரிசையைக் கீழே தருகிறேன். விண்டோஸில் தண்டர்பேர்டை வைத்து எழுதியிருக்கிறேன். கிளாசிக் அவுட்லுக்குக்கும் பெரும்பாலும் பொருந்தும். விண்டோஸில் இப்போது வரும் புதிய அவுட்லுக், மெயிலை மைக்ரோசாஃப்ட் கிளவுட் வழியாக எடுப்பதால் அதற்கு இது பொருந்தாது.

முதலில், நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

மெயிலைச் சோதிக்க ஆன்டிவைரஸ் உங்கள் மெயில் புரோகிராமுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார வேண்டும். இதற்கு அன்று ஒரு வழி, இன்று ஒரு வழி.

பழைய வழி, அமைப்பையே மாற்றிவிடுவது. 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த நார்ட்டன் ஆன்டிவைரஸ், சர்வர் பெயரை எடுத்துவிட்டு "பாப்3.நார்ட்டன்.ஆன்டிவைரஸ்" என்று போடும். உண்மையான சர்வர் பெயரை யூசர் நேமுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஒட்டிவைக்கும். வேறு சில புரோகிராம்கள் நேரே 127.0.0.1 அல்லது லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதும்.

இன்றைய வழியில் அமைப்பு அப்படியே இருக்கும். நெட்வொர்க் டிரைவர் மூலம் இணைப்பைப் பாதி வழியில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இன்று மெயில் போக்குவரத்து எல்லாம் டிஎல்எஸ் என்னும் மறையாக்கத்துக்குள் போகிறது. அரக்கு வைத்து முத்திரையிட்ட உறை மாதிரி. கேட்டில் உட்கார்ந்த வாட்ச்மேன் அதைப் பிரித்துப் படித்துவிட்டுத் தன் முத்திரையை வைத்து ஒட்டி உள்ளே அனுப்புகிறார். முத்திரை வேறாக இருக்கிறதே என்று மெயில் புரோகிராம் சண்டை போடும். அதைத் தவிர்க்க, ஆன்டிவைரஸ் தன் ரூட் சான்றிதழை (தன் முத்திரையை நம்பவைக்கும் தலைமைச் சான்றிதழை) விண்டோஸின் நம்பகப் பட்டியலில் சேர்த்துவிடும். தண்டர்பேர்டு தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஆன்டிவைரஸின் சான்றிதழ் சேராமல் போனாலோ, ஆன்டிவைரஸ் அப்டேட்டில் அது மாறிப்போனாலோ கோளாறு தொடங்கும்.

இவை தவிர, ஃபயர்வால் வாசலை அடைப்பது ஒன்று, டிஸ்க்கில் இருக்கும் இன்பாக்ஸ் ஃபைலையே தூக்கி அடைத்துவைப்பது ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் வயிற்றைக் கலக்குவது. அதற்குப் படி 7இல் வருகிறேன்.

படி 1: எதையும் தொடுமுன் தாளில் எழுதுங்கள்

தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதில் சர்வர் செட்டிங்ஸ். அங்கே உள்ள சர்வர் பெயர், போர்ட் (இணைப்பு நுழையும் வாசல் எண்), யூசர் நேம், கனெக்‌ஷன் செக்யூரிட்டி, ஆத்தென்டிகேஷன் மெத்தட் ஐந்தையும் எழுதுங்கள். அதே பட்டியலின் அடியில் அவுட்கோயிங் சர்வர் என்று தனியாக இருக்கும், அதையும் எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலும் சரி.

இப்போது அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய மதிப்புகளை எழுதுங்கள். ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) என்றால் போர்ட் 993, பாப் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்றால் 995, இரண்டுக்கும் கனெக்‌ஷன் செக்யூரிட்டி எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அனுப்புவதற்கு 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு மறையாக்கத்துக்கு மாறும் முறை). 465இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று மாற்றிப் போட்டுவிட்டு ஆன்டிவைரஸைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 143, 110, 25 ஆகியவை மறையாக்கம் இல்லாமல் தொடங்கும் பழைய வாசல்கள். 25ஐப் பல இணைய நிறுவனங்களே அடைத்துவைத்திருக்கும். ஜிமெயிலுக்கு ஐமேப்.ஜிமெயில்.காம், எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம். சொந்த டொமைன் என்றால் ஹோஸ்டிங் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடியும். சர்வர் கட்டத்தில் 127.0.0.1 அல்லது லோக்கல்ஹோஸ்ட் இருக்கிறதா? யூசர் நேமில் சாய்கோடு போட்டு வேறொரு பெயர் ஒட்டியிருக்கிறதா? கனெக்‌ஷன் செக்யூரிட்டி "நன்" (அதாவது எதுவும் இல்லை) என்று இருக்கிறதா? மூன்றில் எது இருந்தாலும் யாரோ நடுவில் கை வைத்திருக்கிறார்கள்.

அந்த "நன்" பற்றி ஒரு வார்த்தை. அவாஸ்ட்டின் பழைய பதிப்புகளில், மெயில் புரோகிராமில் எஸ்எஸ்எல்லை அணைத்துவிடுங்கள், வெளியே போகும் இணைப்பை நாங்கள் மறையாக்கிக்கொள்கிறோம் என்பதே ஏற்பாடு. ஆன்டிவைரஸ் இருக்கும் வரை சரி. அதை நீக்கிய பிறகும் "நன்" அப்படியே நின்றால், சர்வர் அனுமதிக்கும் பட்சத்தில் உங்கள் பாஸ்வேர்டு திறந்த தபால் அட்டையாக ரயில் நிலைய வைஃபையில் போகும். மெயில் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மெயில் நின்றுபோவதைவிட இது மோசம்.

படி 2: குற்றவாளி ஆன்டிவைரஸ்தானா?

சந்தேகப்பட்டவுடன் தூக்கில் போடாதீர்கள். மூன்று சோதனை செய்யுங்கள்.

பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். அங்கேயே நுழைய முடியவில்லை என்றால் பாஸ்வேர்டு அல்லது சர்வர்தான் பிரச்சினை, ஆன்டிவைரஸ் நிரபராதி. அடுத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்துப் பாருங்கள். அதில் மெயில் வந்தால் உங்கள் ரவுட்டரோ, அலுவலக ஃபயர்வாலோ, இணைய நிறுவனமோ காரணம்.

மூன்றாவதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை: விண்டோஸை சேஃப் மோட் வித் நெட்வொர்க்கிங்கில் திறப்பது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், வரும் பட்டியலில் 5ஐ அழுத்துங்கள். மெயில் இப்போது வந்தால், ஆன்டிவைரஸ் அல்லது அதுபோல விண்டோஸோடு தொடங்கும் ஏதோ ஒன்றுதான் மறித்திருக்கிறது. சர்வர் கட்டத்தில் 127.0.0.1 இருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. முதலில் படி 1இன்படி அதைத் திருத்துங்கள்.

சேஃப் மோடுக்குப் போகுமுன் மூன்று எச்சரிக்கை. அங்கே வைஃபை வராமல் போகலாம், கேபிள் தயாராக வையுங்கள். நாலு இலக்கப் பின் எண்ணை அது ஏற்காமல் போகலாம், முழு பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். பிட்லாக்கர் (டிஸ்க்கையே மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப் என்றால் ரெகவரி கீ கேட்கக்கூடும். அது கையில் இல்லாமல் ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள்.

டாஸ்க்பாரில் ஆன்டிவைரஸ் ஐகானை ரைட் கிளிக் செய்து "10 நிமிடம் நிறுத்து" கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். பல சமயம் போதாது. மேலே இருக்கும் புரோகிராம் நின்றாலும் அடியில் இருக்கும் நெட்வொர்க் டிரைவர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு கிளை. ஜிமெயிலில் 2022 மே 30க்குப் பிறகு, தனிநபர் கணக்குகளில் சாதாரண பாஸ்வேர்டு வைத்து மெயில் புரோகிராம் நுழைய முடியாது. ஆத்தென்டிகேஷன் மெத்தட் ஓஆத்2 (பிரவுசர் பக்கத்தில் நுழைந்து அனுமதி தரும் முறை) என்று இருக்க வேண்டும், அல்லது ஆப் பாஸ்வேர்டு (மெயில் புரோகிராமுக்கென்று தனியாக எடுக்கும் பாஸ்வேர்டு) எடுத்திருக்க வேண்டும். அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கும் 2024 செப்டம்பர் 16 முதல் சாதாரண பாஸ்வேர்டு செல்லாது, அங்கே ஓஆத்2தான் வேண்டும். இந்தக் கணக்குகளில் பாஸ்வேர்டு திரும்பத் திரும்பக் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 3: மெயில் ஸ்கேனிங்கை மட்டும் அணையுங்கள்

ஆன்டிவைரஸைத் தூக்க வேண்டாம், முழுதாக நிறுத்தவும் வேண்டாம். மெயில் இணைப்பைச் சோதிக்கும் பகுதியை மட்டும் அணைத்தால் போதும்.

அவாஸ்ட்டில் மெனு, செட்டிங்ஸ், புரொடெக்‌ஷன், கோர் ஷீல்ட்ஸ். அதில் மெயில் ஷீல்டு. ஏவிஜியில் அதன் பெயர் ஈமெயில் ஷீல்டு. இசெட்டில் அட்வான்ஸ்டு செட்டப்புக்குள் ஈமெயில் கிளையன்ட் புரொடெக்‌ஷன், கூடவே எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் வடிகட்டல். காஸ்பர்ஸ்கையில் மெயில் ஆன்டிவைரஸ். பதிப்புக்குப் பதிப்பு மெனு இடம் மாறும். மெயில், ஈமெயில், என்கிரிப்டட் கனெக்‌ஷன்ஸ், எஸ்எஸ்எல் ஆகிய சொற்களைத் தேடுங்கள். சிலவற்றில் முழு ஷீல்டையும் அணைக்காமல் "ஸ்கேன் எஸ்எஸ்எல் கனெக்‌ஷன்ஸ்" என்ற ஒரு டிக்கை மட்டும் எடுத்தாலே சரியாகிவிடும்.

நம் ஊர் அலுவலகங்களில் நிறையப் பார்க்கும் குயிக் ஹீலில் ஒரு தனி விஷயம்: டிரஸ்டெட் ஈமெயில் கிளையன்ட்ஸ் புரொடெக்‌ஷன். நம்பகமான மெயில் புரோகிராம்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டு, அதில் இல்லாதவை மெயில் அனுப்புவதைத் தடுக்கும். அதிகம் புழங்காத மெயில் புரோகிராமோ, பில்லிங் சாஃப்ட்வேரோ மெயில் அனுப்ப முடியாமல் நின்றால், அதை இந்தப் பட்டியலில் சேருங்கள்.

மெயிலை ஸ்கேன் செய்யாவிட்டால் வைரஸ் வந்துவிடாதா? மெயிலோடு வந்த ஃபைலைத் திறக்கும்போது அது டிஸ்க்கில் ஒரு தற்காலிக ஃபைலாக எழுதப்படும். அந்த நொடியில் ஆன்டிவைரஸின் நேரடிக் கண்காணிப்பு அதைப் பிடிக்கும். வாசலில் விட்டதை நடுக்கூடத்தில் பிடிப்பது மாதிரி. வாசல் காவல் இரண்டாவது பூட்டுதான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் மெயில் இணைப்புக்கு நடுவில் நுழைவதே இல்லை. என்னைக் கேட்டால், சிறிய அலுவலகத்துக்கு டிஃபெண்டரும் ஒழுங்கான அப்டேட்டும் போதும்.

அணைத்தபின் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். தண்டர்பேர்டை மட்டும் மூடித் திறந்தால் போதாது.

படி 4: சான்றிதழ் எச்சரிக்கையில் அவசரப்படாதீர்கள்

"ஆட் செக்யூரிட்டி எக்செப்ஷன்" என்று ஒரு பெட்டி வரும். எல்லோரும் கன்ஃபர்ம் அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். அழுத்துமுன் "வியூ" கொடுத்து, சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். ஜிமெயில் என்றால் கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ் என்று இருக்க வேண்டும். அங்கே அவாஸ்ட் வெப்/மெயில் ஷீல்டு ரூட், இசெட் எஸ்எஸ்எல் ஃபில்டர் என்பதுபோல உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், வழிமறித்தவர் யார் என்பதற்குக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலமே கிடைத்துவிட்டது. படி 3க்குத் திரும்புங்கள்.

இரண்டுமே இல்லாமல் முன்பின் தெரியாத பெயர் இருந்தால், இணைப்பைத் துண்டியுங்கள். 2015இல் லெனோவா லேப்டாப்களில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இதே உத்தியைக் கையாண்டது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவியை வைத்திருந்ததால், அந்தச் சாவி கிடைத்த எவரும் நடுவில் உட்கார முடிந்தது.

முன்பு அழுத்திய எக்செப்ஷன்கள் இன்னும் உள்ளே கிடக்கும். செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, மேனேஜ் சர்டிஃபிகேட்ஸ், அதில் சர்வர்ஸ் என்ற பகுதியைத் திறந்து உங்கள் மெயில் சர்வருக்கான பதிவுகளை நீக்குங்கள்.

திடீரென்று நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020இல் வந்த தண்டர்பேர்டு 78, டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய மறையாக்க முறைகளைக் கைவிட்டது. 1.2 பேசத் தெரியாத பழைய ஆன்டிவைரஸோ பழைய சர்வரோ நடுவில் இருந்தால் பேச்சு அங்கேயே முறியும். காலாவதியான ஆன்டிவைரஸை வைத்துக்கொண்டு இதற்கு மாற்று வழி தேடாதீர்கள்.

படி 5: வருகிறது, ஆனால் போகவில்லை

பெறுவது சரியாகி, அனுப்புவது மட்டும் தகராறு செய்தால் அவுட்கோயிங் சர்வரைத் தனியாகச் சரிபாருங்கள். ஆன்டிவைரஸ்களும் பெறும் மெயிலுக்கு ஒரு டிக், அனுப்பும் மெயிலுக்கு ஒரு டிக் என்று தனித்தனியே வைத்திருக்கும்.

பெரிய ஃபைல் இணைத்த மெயிலை நடுவில் இருப்பவர் முழுதாக வாங்கி, சோதித்து, பிறகு சர்வருக்கு ஏற்றுவார். அதற்குள் மெயில் புரோகிராம் பொறுமை இழந்து "அனுப்ப முடியவில்லை" என்று சொல்லிவிடும். ஆனால் மெயில் போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் மறுபடி அனுப்புவீர்கள். வாடிக்கையாளருக்கு ஒரே இன்வாய்ஸ் மூன்று முறை போகும்.

பெறும் பக்கத்தில் இதன் தம்பி, பாப் கணக்கில் ஒரே மெயில்கள் மீண்டும் மீண்டும் இறங்குவது. பாப் முறையில் சர்வர், புரோகிராம் முறைப்படி விடைபெற்ற பிறகே மெயில்களை நீக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் எதுவும் நீங்காது. ஐமேப் கணக்கு அடிக்கடி திணறினால், சர்வர் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டில் ஒரே நேர இணைப்புகளின் எண்ணிக்கை 5 என்று இருப்பதை 1 ஆக்கிப் பாருங்கள்.

படி 6: ஃபயர்வால்

விண்டோஸின் சொந்த ஃபயர்வால், வெளியே போகும் இணைப்புகளை இயல்பாகத் தடுப்பதில்லை. ஆன்டிவைரஸோடு வரும் ஃபயர்வால் அப்படியல்ல. ஒவ்வொரு புரோகிராமுக்கும் அனுமதிச் சீட்டு வைத்திருக்கும். தண்டர்பேர்டு அப்டேட் ஆனதும் ஃபைல் மாறிவிடுவதால் பழைய சீட்டு செல்லாமல் போகும். நேற்று வரை வந்தது, அப்டேட் போட்டதும் நின்றது என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஃபயர்வால் பட்டியலில் தண்டர்பேர்டின் பழைய பதிவை நீக்கிவிட்டுத் தண்டர்பேர்டைத் திறங்கள். அனுமதி கேட்கும்போது கொடுங்கள்.

படி 7: இன்பாக்ஸே காணோம்

தண்டர்பேர்டு ஒரு ஃபோல்டரின் எல்லா மெயில்களையும் ஒரே ஃபைலில் வரிசையாக எழுதிவைக்கும். எம்பாக்ஸ் என்று அந்த முறைக்குப் பெயர். பத்து ஆண்டு மெயில் இருந்தாலும் இன்பாக்ஸ் ஒரே ஃபைல்தான். அதில் ஒரு மெயிலில் வைரஸ் இணைப்பு இருப்பதாக ஆன்டிவைரஸ் கண்டால், அதற்குத் தெரிவது ஒரு கெட்ட ஃபைல் மட்டும். முழு இன்பாக்ஸையும் குவாரன்டைனில் போட்டுப் பூட்டிவிடும். காலையில் திறந்தால் ஃபோல்டர் துடைத்துவிட்டது போல இருக்கும்.

முதல் வேலை, தண்டர்பேர்டை மூடுங்கள். புது மெயில் எடுக்காதீர்கள். ஐமேப் என்றால் பெரும்பாலும் சர்வரில் எல்லாம் பத்திரமாக இருக்கும். வெப்மெயிலில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பாப் வைத்து, சர்வரில் பிரதி விடாமல் இறக்கியிருந்தால் அந்தக் குவாரன்டைன் பெட்டிதான் ஒரே நம்பிக்கை. அதை "கிளீன்" செய்யவோ காலி செய்யவோ கூடாது. ஆன்டிவைரஸைக் கழற்றவும் கூடாது. பெட்டியும் சேர்ந்து போய்விடும்.

தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரைக் கண்டுபிடியுங்கள்; ஹெல்ப், டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் ஓப்பன் ஃபோல்டர் பட்டன் இருக்கும். திறந்ததும் தண்டர்பேர்டை மீண்டும் மூடிவிடுங்கள். உள்ளே, பாப் கணக்கின் ஃபோல்டரில் இன்பாக்ஸ் என்ற பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாமல் ஒரு சிறிய புது ஃபைல் உருவாகியிருக்கலாம். அதை "புது இன்பாக்ஸ்" என்று பெயர் மாற்றுங்கள், அழிக்காதீர்கள். அந்தப் புரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். பிறகு குவாரன்டைனிலிருந்து பழைய ஃபைலை ரீஸ்டோர் செய்யுங்கள். பக்கத்தில் எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டோடு அதே பெயரில் இருப்பது வெறும் அட்டவணை. அதை நீக்கினால் தண்டர்பேர்டு திறக்கும்போது புதிதாக எழுதிக்கொள்ளும்.

மெயில்கள் திரும்பியதும் வைரஸ் மெயிலைத் தேடி அழியுங்கள், டிராஷையும் காலி செய்யுங்கள். இத்தோடு முடியவில்லை. அழித்த மெயில் கண்ணுக்குத் தெரியாதே தவிர, எம்பாக்ஸ் ஃபைலுக்குள் அப்படியே கிடக்கும். இன்பாக்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து காம்பாக்ட் கொடுத்தால்தான் உண்மையில் போகும். இரண்டு வருடத்துக்கு முன் அழித்த மெயிலுக்காக இன்று ஆன்டிவைரஸ் கூச்சல் போடுவது இதனால்தான்.

இது மறுபடி நேராமல் இருக்க, செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டியில் ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ், வரும் மெயில்களைத் தனித்தனியாகக் குவாரன்டைன் செய்ய அனுமதிக்கும் டிக்கைப் போடுங்கள். அதன்பின் ஒவ்வொரு மெயிலும் இன்பாக்ஸில் சேருமுன் தனி ஃபைலாக ஒரு நொடி நிற்கும். ஆன்டிவைரஸ் பிடித்தாலும் அந்த ஒன்று மட்டும் போகும்.

அவுட்லுக்கில் மெயில்களைச் சேமித்துவைக்கும் பிஎஸ்டி ஃபைலுக்கும் விலக்குப் பட்டியல் அவசியம். கூடவே ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் பக்கத்தில் காம் ஆட்-இன்ஸைத் திறந்து, ஆன்டிவைரஸ் நுழைத்த ஆட்-இன் இருந்தால் டிக்கை எடுங்கள்.

படி 8: தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

ஆன்டிவைரஸை மாற்ற முடிவெடுத்தால், கன்ட்ரோல் பேனலில் நீக்கிய பிறகு அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலையும் ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் டிரைவர்களை அதுதான் எடுக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் படி 1இல் எழுதிய தாளை எடுத்து, ஐந்து கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். திருப்பூர் அலுவலகத்தில் எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான், பத்து நிமிடம். தாள் இல்லாததால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சர்வர் பெயர் வாங்கத்தான் அரை நாள் போனது.

படி 9: காவல் இன்னும் நிற்கிறதா?

மெயில் ஸ்கேனிங்கை அணைத்த பிறகு மற்ற கண்காணிப்பு வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஈக்கார் அமைப்பின் தளத்தில் 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை ஃபைல் கிடைக்கும். அது வைரஸ் அல்ல. ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதை இறக்கினால் உடனே எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் நேரடிக் கண்காணிப்பையும் சேர்த்து அணைத்திருக்கிறீர்கள். படி 3க்குப் போய்ச் சரிசெய்யுங்கள்.

அந்த ஃபைலை உங்களுக்கே மெயிலில் அனுப்பிச் சோதிக்கலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்புறம் படி 7இலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.